மூக்கு முன்னே, நாம் பின்னே



அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நேரம் இது. தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஆண்டிலேயே அருமையான நாட்கள் இவைதான். விடிகாலைத் தரை ஈரமாக இருக்கிறது. வெயில் ஏற நேரமாகிறது. கொஞ்சம் ஓடினாலும் நாய்க்கு நாக்கு வெளியே தொங்குவதில்லை. வாசனைத் தடம் பிடித்துப் போகும் விளையாட்டைத் தொடங்க இதைவிட நல்ல பருவம் நமக்கு வாய்க்காது.

அண்மையில் வந்த கடிதங்களும் அதைத்தான் கேட்கின்றன. “என் நாயோடு தடம் பிடிக்கப் பழக ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்?” அடுக்குமாடிக் குடியிருப்பில் லாப்ரடார் வளர்ப்பவரும் கேட்கிறார், தென்னந்தோப்பில் நாட்டு நாய் வைத்திருப்பவரும் கேட்கிறார். இணையக் கடையில் பார்த்த நீண்ட பட்டியலை அனுப்பி, “இவ்வளவும் வேண்டுமா?” என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட, இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே தந்துவிடலாம் என்று நினைத்தேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டே இரண்டு: நாயின் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ஹார்னஸ், ஒரு நீளக் கயிறு. மற்றவை பெரும்பாலும் உங்கள் அலமாரியிலும் அடுப்படியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். இந்த விளையாட்டின் தலையாய கருவி நாயோடு கூடவே பிறந்திருக்கிறது. நாம் வாங்குவதும் எடுத்துவைப்பதும் அந்த மூக்கின் வேலைக்கு நம்மால் இடைஞ்சல் வராமல் இருப்பதற்காகத்தான். எந்தப் பொருளைக் கடையில் பார்த்தாலும், “இது நாயின் மூக்குக்கு வழிவிடுகிறதா, வழிமறிக்கிறதா?” என்று கேளுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது உடனே தெளிந்துவிடும்.

விளையாட்டு என்ன என்று புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் தன் காலுறையையோ கைக்குட்டையையோ விட்டுவிட்டு நடந்துபோய் எங்காவது ஒளிந்துகொள்கிறார். நாய் அந்தத் துணியை மோந்துபார்க்கிறது. பிறகு அவர் போன வழியே நம்மை அழைத்துப்போய் அவரைக் கண்டுபிடிக்கிறது. அவ்வளவுதான்.

இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, அடிக்கு அடி மூக்கைத் தரையில் வைத்துக் காலடித் தடத்தையே பற்றிப் போவது. மிதிபட்ட புல்லும் கிளறிய மண்ணும் விடும் வாசனை அதில் பெரும்பங்கு வகிக்கிறது. மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாசனையைத் தொடர்வது. நம் தோலிலிருந்து ஓயாமல் உதிரும் நுண்செதில்கள் காற்றில் மிதந்து சுவரோரத்திலும் வேலியடியிலும் படிகின்றன. அதனால் அவர் நடந்த கோட்டிலிருந்து சில அடி தள்ளியும் நாய் போகக்கூடும். முதல் மரபை ஐரோப்பாவின் ஐஜிபி என்னும் பணிநாய்ப் போட்டிகளிலும் அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் தேர்வுகளிலும் காணலாம். ஐஜிபியின் முதல் படியில் கையாளுபவரே போட்ட 300 அடிவைப்புத் தடத்தை, குறைந்தது 20 நிமிடம் கழித்து நாய் தொடர வேண்டும். அமெரிக்கத் தேர்வின் முதல் பட்டத்துக்கு 440 முதல் 500 கஜம் வரையிலான தடம், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆறியிருக்கும். வழியில் மூன்று முதல் ஐந்து திருப்பங்கள். வீட்டு நாயோடு தெருவிலும் பூங்காவிலும் தோப்பிலும் பழக இரண்டாம் மரபுதான் எளிது, அதில் மகிழ்ச்சியும் அதிகம். முடிவில் கிடைப்பது ஒரு மனிதர் அல்லவா! நான் இங்கே சொல்லும் சாமான்கள் எல்லாம் அதற்கானவை.

அந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சாமான்களின் காரணம் தானே விளங்கும். மோப்பம் பிடிக்கும்போது நாய் விநாடிக்கு ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விடுகிறது. வெளிவரும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. 1993-ல் நார்வே ஆய்வாளர்கள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் காலடித் தடத்தின் குறுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை மூன்று முதல் ஐந்து விநாடிக்குள், இரண்டிலிருந்து ஐந்து காலடிகளை மட்டும் மோந்துவிட்டு, மனிதர் எந்தப் பக்கம் போனார் என்பதைச் சரியாகத் தேர்ந்தன. 2005-ல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வும் திசையறிய ஐந்து காலடி போதும் என்று காட்டியது. அடுத்தடுத்த காலடிகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய வாசனை வேறுபாட்டைக் கொண்டே நாய் முன்பின் அறிகிறது. இந்தத் திறமைக்கு நாம் சேர்க்கக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் கெடுக்க நிறைய வழிகள் உண்டு. கழுத்தை இறுக்கிக் கெடுக்கலாம், அவசரப்பட்டு இழுத்துக் கெடுக்கலாம், வெயிலில் கொண்டுபோய்க் கெடுக்கலாம்.

கழுத்திலிருந்தே தொடங்குவோம். தடம் பிடிக்கும் நாய் முன்னோக்கி இழுத்துக்கொண்டுதான் போகும். போகவும் வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்துப் பட்டையில் விழுந்தால் மூச்சுக்குழல் நசுங்கும். 2006-ல் வெளியான ஒரு கால்நடை மருத்துவ ஆய்வில், கழுத்துப் பட்டையோடு இழுத்தபோது நாய்களின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. ஹார்னஸோடு இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகத்தார் 2020-ல் பலவகைக் கழுத்துப் பட்டைகளை மாதிரிக் கழுத்தில் மாட்டிச் சோதித்தார்கள். இழுக்கும் நாய்க்கு ஆபத்தில்லை என்று சொல்லும் அளவுக்கு அழுத்தம் குறைந்த பட்டை அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஹார்னஸ் கட்டாயம்.

எப்படிப்பட்டது? முன்னாலிருந்து பார்த்தால் மார்பெலும்பின் மேல் ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல் பட்டை இறங்க வேண்டும். தோள்களின் குறுக்கே படுக்கையாக ஓடும் பட்டை வேண்டாம். அது தலையைத் தாழ்த்தி நடக்கும் நாயின் முன்னங்காலைத் தடுக்கும். கயிறு மாட்டும் வளையம் முதுகின் மேல், தோள்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மார்பில் வளையம் உள்ளவை நாய் இழுக்காமல் இருப்பதற்காகச் செய்தவை. அவற்றை உலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பட்டை முன்னங்கால் இடுக்கிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி விழ வேண்டும், இல்லையென்றால் அக்குளில் தோல் உரியும். எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழையும் தளர்வு போதும். கடைக்கு நாயையே அழைத்துப் போங்கள். முடியாதென்றால் தையல்காரரின் அளவு நாடாவால் கழுத்தின் அடிப்பகுதியையும் மார்பின் அகலமான சுற்றையும் அளந்துகொண்டு போங்கள். நம் ஊர் வெக்கைக்குத் தடித்த பஞ்சு வைத்தது உதவாது. மெல்லிய வலைத்துணி உள்ளே வைத்தது நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். இந்த ஹார்னஸைத் தடம் பிடிக்கும்போது மட்டும் மாட்டுங்கள். இடம் போய்ச் சேரும்வரை சாதாரணக் கழுத்துப் பட்டையும் குட்டைக் கயிறும் இருக்கட்டும். தொடங்கும் இடத்துக்கு வந்ததும் நில்லுங்கள். பையிலிருந்து ஹார்னஸை எடுங்கள். தலை வழியாக மாட்டி, வயிற்றுக் கொக்கியைச் ‘சட்’டென்ற ஓசை கேட்கப் பூட்டுங்கள். நீளக் கயிற்றின் கொக்கியை முதலில் கழுத்துப் பட்டையில் மாட்டி வைத்திருந்து, வாசனைத் துணியைக் காட்டும் நேரத்தில் முதுகு வளையத்துக்கு மாற்றுங்கள். சில வாரங்களில், அந்தக் கொக்கி இடம் மாறும் ஓசைக்கே நாயின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வாய் மூடும், காது முன்னே வரும், வாலின் ஆட்டம் நின்று உடம்பு முழுதும் ஒரு பக்கம் கூர்மையாகும். வேலை தொடங்கிவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆணை போட வேண்டியதில்லை, ‘தேடு’ என்ற ஒரு சொல் போதும்.

இனி கயிறு. ஐஜிபியில் பத்து மீட்டர் கயிறு. அமெரிக்கத் தேர்வில் 20 முதல் 40 அடி வரை அனுமதி. வீட்டு நாயோடு தொடங்குகிறவர்களுக்கு ஐந்து மீட்டர் நல்லது. கையும் காலும் பழகிய பிறகு பத்துக்குப் போகலாம். தெருவில் எப்போதும் ஐந்துக்குள்ளேயே இருங்கள். வண்டி வரும் சந்தில் பத்து மீட்டர் கயிறு ஆபத்து.

எதில் செய்தது? நைலான் மலிவு, ஆனால் நாய் பாய்ந்தால் உள்ளங்கையை அறுத்துவிடும். பருத்திப் பட்டை கைக்கு இதம், நனைந்தால் கனக்கும், காயாமல் மடித்துவைத்தால் பூசணம் பிடிக்கும். தோல்வாருக்கு எண்ணெய் போட்டுப் பேண வேண்டும். பயோதேன் என்ற பெயரில் வருவது பாலியஸ்டர் பட்டையின் மேல் பிளாஸ்டிக் பூசியது. தண்ணீர் குடிக்காது, சேற்றைத் துடைத்தால் போய்விடும், செடிகொடியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். விலை கொஞ்சம் கூடுதல். நெல்வயல் வரப்பிலும் மழை ஈரத்திலும் பழகுகிறவர்களுக்கு அந்த விலை தகும். அது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பையும் பெல்ட்டும் தைக்கும் கடையில் முக்கால் அங்குல அகலப் பருத்திப் பட்டையை அளந்து வாங்கி, ஒரு முனையில் சுழலும் கொக்கியை வைத்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். அழகாக வேலை செய்யும். சிறிய நாய்க்கு அரை அங்குலமும் கனம் குறைந்த கொக்கியும் போதும். பெரிய கொக்கி முதுகில் இடித்துக்கொண்டே வந்தால் குட்டி நாய் தடத்தை விட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கயிற்றின் மறுமுனையில் கைப்பிடி வளையம் வேண்டாம். தரையில் இழுபடும்போது வேரிலும் கல்லிலும் மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் கோத்துக்கொண்டு நாம் விழுந்தால் எலும்பு முறியும். பட்டனை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் பெட்டிக் கயிறும் வேண்டவே வேண்டாம். அது எப்போதும் ஒரே இழுவிசையில் நாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய சேதி அதில் வராது.

ஆம், கயிற்றில் சேதி வரும். அதற்காகத்தான் கயிற்றைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஒளிந்திருப்பவர் நேராக நடந்து, இடப்புறச் சந்தில் திரும்பியிருக்கிறார் என்று வையுங்கள். நாய் மும்முரமாக இழுத்துக்கொண்டு போகிறது, கயிறு விறைப்பாக இருக்கிறது. சந்தைத் தாண்டி மூன்று நான்கு அடி போனதும் உங்கள் விரல்களில் அந்த விறைப்பு மெல்லத் தளர்கிறது. நாய் தலையைத் தூக்குகிறது. வேகம் குறைகிறது. வாசனை இங்கே இல்லை என்று அது சொல்லிவிட்டது. இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நில்லுங்கள். கயிற்றை விட்டுக்கொடுங்கள். இடப்பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். நாய் வட்டமடிக்கும், எதிர்ச்சுவரை மோந்துவிட்டு வரும். சந்து முனையில் திடீரென்று தலை வெட்டித் திரும்பும், மார்பு தாழும், கயிறு மறுபடி விறைக்கும். அப்போது பின்னால் போங்கள். இந்த ஒரு திருப்பத்தைக் கைவிரலால் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு இந்த விளையாட்டில் பாதி வந்துவிட்டது.

கையுறை ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்கு விற்கும் மெல்லிய, உள்ளங்கையில் ரப்பர் பூசியவை போதும். காலுக்குப் பட்டை செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். நாய் வேலியோரமாக இழுத்துக்கொண்டு போகும்போது நாம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது வாசனைத் துணி. ஒளிபவர் ஒரு நாளாவது போட்ட காலுறை, வியர்வை பட்ட பனியன், தலையணை உறை, இவற்றில் எதுவும் ஆகும். துவைத்தது உதவாது. அவரே தன் கையால் எடுத்து, புதிய ஜிப் லாக் கவரில் போட்டு மூடித் தர வேண்டும். அந்தத் துணியை நீங்கள் தொட்டால் உங்கள் வாசனையும் அதில் ஏறும். வீட்டார் எல்லோருடைய துணியும் கிடக்கும் அழுக்குக் கூடையிலிருந்து எடுத்தால் யாரைத் தேடுவது என்றே நாய்க்குக் குழப்பம் வரும். ஒரு கவரில் ஒருவருடைய துணி மட்டும், மேலே பெயர் எழுதி. தொடங்கும்போது கவரின் வாயைத் திறந்து நாயின் முன் தரையில் வையுங்கள். மூக்கில் வைத்து அழுத்தாதீர்கள். அது தானே குனிந்து முகரும். இரண்டு மூச்சே அதற்குப் போதும்.

தடத்தை நினைவில் வைக்கச் சில அடையாளங்கள் தேவை. போட்டிகளில் கொடி நடுவார்கள். நமக்குத் துணி காயப்போடும் கிளிப்புகள் போதும். தொடங்கும் இடத்தில் ஒன்று, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று, ஒளிபவர் போகும்போது செடியிலோ கம்பியிலோ கண்மட்டத்தில் மாட்டிக்கொண்டு போகட்டும். சிமென்ட் தரையில் சாக்பீஸ் கோடு. கைபேசியில் நடந்த வழியைப் பதியும் செயலி இருந்தால் அதுவும் நன்று. இந்த அடையாளங்கள் நாய்க்கானவை அல்ல. தொடக்கத்தில், நாய் தடத்தில்தான் இருக்கிறதா என்று நாம் தெரிந்துகொள்வதற்காக. நாய் தேறிய பிறகு, வழி தெரியாமலேயே அதன் பின்னால் போய்ப் பாருங்கள். உண்மையான நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். தேதி, நேரம், தடம் போட்டு எத்தனை நிமிடம் ஆனது, தரை எப்படி, காற்று எந்தப் பக்கம், நாய் எங்கே தயங்கியது. ஐந்தாறு வரி போதும். காற்றறிய ஒரு சிட்டிகை விபூதியையோ பவுடரையோ விரலிடுக்கில் எடுத்துத் தூவிப் பாருங்கள். நாய் தடத்துக்கு ஆறடி தள்ளிப் போன மர்மம் பல நேரம் அந்தக் காற்றில் விடுபடும்.

பரிசு இந்த வேலையின் கூலி. அதில் கஞ்சத்தனம் கூடாது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியோ ஈரலோ, சிறு துண்டுகளாக, இறுக மூடும் ஒரு டப்பாவில். அந்த டப்பா ஒளிபவரிடம் இருக்க வேண்டும், உங்களிடம் அல்ல. நாய் வந்து சேர்ந்ததும் அவர்தான் திறந்து, ஒவ்வொரு துண்டாகக் கொடுத்து, கொஞ்சி, கொண்டாட வேண்டும். உங்கள் பையில் கறி மணந்தால் நாய் உங்களையே சுற்றும். கண்டுபிடித்த மனிதரிடம்தான் விருந்து என்று தெரிந்த நாய், அடுத்த முறை உங்களைத் திரும்பிப் பார்க்காமல் போகும். பந்தின் மேல் பித்தான நாய்க்குக் கறிக்குப் பதில் அந்தப் பந்தே பரிசு.

நம் ஊரில் தண்ணீரைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். நாய் வாயைத் திறந்து இரைக்கும்போது அதனால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. வெடிபொருள் கண்டுபிடிக்கும் நாய்களை வைத்து டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் காட்டியது: கடும் ஓட்டத்துக்குப் பிறகு இரைப்பு கூடக்கூடக் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. உடம்பைக் குளிர்விப்பதா, முகர்வதா என்று வரும்போது நாய் உடம்பைத்தான் காப்பாற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டு லிட்டர் தண்ணீரும் அகன்ற கிண்ணமும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். தொடங்குமுன் கொஞ்சம், இடையே கொஞ்சம், முடிந்தபின் நிதானமாக. கோடையில் சூரியன் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மார்கழியிலும் சின்னத் தடம்தான்.

பையின் ஒரு பக்க அறையில் முதலுதவி. நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் எடுக்க ஒரு சாமணம், காயம் கழுவ உப்புநீர், சுற்ற காஸ் துணி, தானே ஒட்டிக்கொள்ளும் கட்டு. வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காது, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புதர்ப் பக்கம் பழகுகிறவர்கள், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், நாயைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போங்கள். வெறிநாய்த் தடுப்பூசி காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தெருநாய்கள் அதிகமுள்ள இடத்துக்கு, உதவிக்கு மூன்றாவதாக ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் கண் நாயின் மேலேயே இருக்கும், சுற்றுமுற்றும் பார்க்க இன்னொரு சோடிக் கண் தேவை. இருட்டு கலையாத நேரமானால், ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை உங்களுக்கு ஒன்று, தலைவிளக்கு ஒன்று.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். சுருக்குச் சங்கிலி, முள் பட்டை, மின்னதிர்ச்சி தரும் பட்டை, இவை எதற்கும் இந்த விளையாட்டில் இடமில்லை. வலிக்குப் பயந்த நாய் தடத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு அதற்கு நாம் வழிகாட்ட வேண்டியிருக்கும், நமக்கோ மூக்கு இல்லை.

“எங்கள் நாய் ராஜபாளையம், பார்வை வேட்டை நாய்தானே, அதற்கு இது வருமா?” என்றும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. வரும். இந்திய அஞ்சல் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்ட நம் ராஜபாளையமும், சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்துவதற்குப் பெயர்பெற்றவை. முயலோ கோழியோ ஓடினால் கவனம் சிதறும், தடத்தில் பொறுமை வரக் கொஞ்சம் நாளாகும். ஆனால் மூக்கில் குறையில்லை. வயல்வெளியைவிடக் குறுகிய சந்துகளில் அவற்றைத் தொடங்குங்கள். நாட்டு நாய்கள் இதில் வெகு சூட்டிகை. பார்வை மங்கிய நாய், வயதான நாய், பிறரைக் கண்டால் ஒடுங்கும் நாய், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூச்சமுள்ள நாய்க்கு வீட்டாரையே ஒளியவையுங்கள். 2019-ல் சார்லட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய வீட்டு நாய்கள், உணவு இருக்குமா இராதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி முன்பைவிட விரைந்து சென்றன. கூடவே ஒட்டி நடக்க மட்டும் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. தன் மூக்கால் தானே முடிவெடுத்த நாய், உலகத்தையே கொஞ்சம் நல்லவிதமாகப் பார்க்கிறது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன்.

முதல் நாள் எப்படி? ஒளிபவர் டப்பாவை நாயிடம் காட்டிவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது அடி நடந்து மரத்துக்குப் பின்னால் போகட்டும். காலுறை புறப்பட்ட இடத்தில் கிடக்கட்டும். ஹார்னஸ், கொக்கி, முகர்தல், ‘தேடு’. கண்டுபிடித்ததும் கொண்டாட்டம். அன்றைக்கு இரண்டு முறை போதும். நாய் இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த வாரம் ஒரு திருப்பம். அதற்கடுத்து, பார்க்காதபோது ஒளிதல், ஐந்து நிமிடம் ஆறவிடுதல். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள்.

பழகிய பிறகு ஒரு பொறுப்பும் வருகிறது. அக்கம்பக்கத்தில் யாராவது காணாமல் போனால் நம் நாயைக் கூட்டிக்கொண்டு நாமே தேடக் கிளம்பக் கூடாது. காவல்துறைக்குத்தான் உடனே தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய மோப்ப நாய்கள் வருமுன் நாம் குறுக்கும் நெடுக்கும் நடந்து தடத்தைக் கலைப்பது பெரிய கெடுதல். ஆனால் நீங்கள் கற்றது அப்போதும் பயன்படும். காணாமல் போனவரின் தலையணை உறையை யாரும் தொடாமல் காக்கவும், அவர் கடைசியாக நின்ற இடத்தில் கூட்டம் சேராமல் தடுக்கவும், வாசனையின் அருமை தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருப்பது நல்லது.

நாய் வளர்க்கும் வீட்டில் நாள் முழுக்க நாம்தான் சொல்கிறோம்: வா, உட்கார், இறங்கு, வேண்டாம். இந்த விளையாட்டில் சொல்வது நாய், கேட்பது நாம். அதற்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதை மனதார ஒப்புக்கொண்டு பின்னால் நடக்கும் அந்த அரைமணி நேரம், எந்தப் பயிற்சி வகுப்பும் தராத ஓர் இணக்கத்தைத் தருகிறது. ஹார்னஸும் கயிறும் காலுறையும் டப்பாவும் அதற்கான சாமான்கள். அதற்கு மேல் தேவைப்படுவது பொறுமை. அதைக் கடையில் வாங்க முடியாது, ஆனால் நாய் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

வரும் ஞாயிறு காலையே தொடங்கிவிடுங்கள். ஹார்னஸ் வாங்கி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு, கயிறே இல்லாமல், அறைக்கு அறை பிள்ளைகளை ஒளியவைத்து ஆட்டத்தைப் பழக்கலாம். உங்கள் நோட்டில் எழுதும் முதல் தடக் குறிப்பை எங்களுக்கும் அனுப்புங்கள். நாய் எங்கே தயங்கியது, எப்படித் திருத்திக்கொண்டது என்பதை மறக்காமல் எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கு அதுதான் பாடம்.

அன்புடன்,
ஆசிரியர்